பாலைப்பழக் காலத்துக் கரடி

என் கணவர் ஒரு கரடியைச் சுட்டவர். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில், இரண்டு அறை அனெக்ஸில் குடியிருந்துகொண்டு, காலையில் குடையும் சாப்பாட்டுப் பார்சலுமாக பஸ்ஸுக்கு ஓடுகிற அந்த மனிதரைப் பார்த்தால் யாரும் இதை நம்பமாட்டார்கள். கலியாணமான புதிதில் நானும் நம்பவில்லை. நம்பாதவர்களுக்குக் காட்டுவதற்கென்றே அவரிடம் ஒரு புகைப்படம் இருந்தது.

யுத்தம் தொடங்குவதற்கு முன்பு அவர் வன்னியில் நில அளவையாளராக இருந்தார். மாதத்தில் இருபது நாள் காட்டுக்குள் கூடாரம். கூட நாலைந்து தொழிலாளிகள், ஒரு சமையல்காரர், லைசென்ஸ் எடுத்த ஒரு துவக்கு. அந்தத் துவக்கால் மான் சுட்டிருக்கிறார், மரை சுட்டிருக்கிறார், காட்டுக்கோழி கணக்கில்லை. அவற்றைப் பற்றி அவர் கதைப்பதே இல்லை. அவை சாப்பாடு. லீவில் வரும்போது அவர் கொண்டுவரும் மான் இறைச்சி வத்தலை வாய் ஊறச் சமைத்துத் தின்றவள்தான் நானும். அதனால் இந்த விஷயத்தில் நான் ஒன்றும் சுத்த சைவம் பேச வரவில்லை. அவர் கதைப்பது கரடியைப் பற்றி மட்டும்தான்.

அவர் சொல்லும் கதை இது. காட்டில் எல்லைக்கல் ஒன்றைத் தேடிப் போகிறார்கள். திரும்பும் வழியில் பற்றைக்குள் இருந்து கரடி பாய்கிறது, இரண்டு காலில் எழுந்து நிற்கிறது. முன்னால் நின்ற தொழிலாளியைத் தள்ளிவிட்டு, இவர் முழங்காலில் குந்தி, ஒரே வெடி. இந்த இடம் வந்ததும் எங்கள் முன்னறையில் உண்மையாகவே முழங்காலில் குந்துவார். மகளுக்கு அப்போது பத்து வயது. அவளும் அவருக்குப் பின்னால் குந்துவாள். பக்கத்து வீட்டு முஸ்லிம் அம்மா, பால் கொண்டுவருகிறவர், வெளிநாடு போகிற வழியில் எங்களிடம் இரண்டு கிழமை தங்குகிற உறவுக்காரர் என்று எல்லாரும் இந்தக் கதையைக் கேட்டிருக்கிறார்கள். தப்பி ஓடப் பார்க்கிறவர்களை மகள் கையில் பிடித்து இழுத்து வந்து உட்கார வைப்பாள்.

அது பொய் என்று எனக்குத் தெரியும். பிள்ளை பிறப்பதற்கு முன்பே ஒருநாள் அவர் என்னிடம் உண்மையைச் சொல்லியிருந்தார். கரடி பாயவே இல்லை. அது பாலைமரத்தில் இருந்து பழம் தின்றுகொண்டிருந்தது.

வன்னிக் காட்டில் பாலைமரம் வருஷத்தில் ஒருமுறை பழுக்கும். மஞ்சளாகச் சின்னப் பழம். நாலைந்தை வாயில் போட்டால் உதடும் உதடும் ஒட்டிக்கொள்ளும், அவ்வளவு பால், அவ்வளவு இனிப்பு. அந்த நாட்களில் ஊர்ச்சனமும் கரடியும் ஒரே மரத்துக்குத்தான் போகும். அதற்கு அங்கே ஒரு முறை உண்டு. பழம் பொறுக்கப் போகிறவர்கள் மரத்தைக் கிட்டும் முன்பே கூக்குரல் கொடுப்பார்கள். மேலே கரடி இருந்தால் உறுமிக்கொண்டு இறங்கித் தன்பாட்டில் போய்விடும். கொஞ்ச நேரம் பொறுத்து மனிதர்கள் போவார்கள். அந்தப் பருவத்தில் மரத்தடிக்குத் துவக்குக் கொண்டுபோவதில்லை. மற்ற மாதங்களில் கரடியைச் சுட்டவர்கள் உண்டு. தேன் எடுக்கப் போய்க் கரடியிடம் முகத்தைப் பறிகொடுத்தவர் ஊருக்கு ஒருவராவது இருந்தாராம். ஆனால் பழக்காலத்தில் சுடுவதில்லை. பெண் கரடி குட்டிகளை முதுகில் ஏற்றிக்கொண்டு திரிகிற காலமும் அதுதான்.

இந்த முறையை அவருக்குச் சொன்னவர் அவரோடு வேலை செய்த, அளவைச் சங்கிலி பிடிக்கிற தொழிலாளி. அந்தப் பகுதியிலேயே பிறந்து வளர்ந்தவர். அன்றைக்கு மரத்தில் கரடியைக் கண்டதும் அவர் கூக்குரல் கொடுக்க வாயைத் திறந்திருக்கிறார். இவர் கையால் அந்த வாயைப் பொத்தியிருக்கிறார். காரணத்தைக் கேளுங்கள். கொழும்பிலிருந்து கூடாரத்துக்கு வந்திருந்த நண்பர் ஒருவரிடம் கமெரா இருந்தது. அதில் இரண்டு படம் மிச்சம் இருந்தது. நண்பர் மறுநாள் ஊர் திரும்புகிறார். இருபத்தேழு வயது ஆண்பிள்ளைக்கு ஓர் உயிரை எடுக்க இதைவிட என்ன நியாயம் வேண்டும்!

"வெடி வைச்சன், விழுந்தது. விழுந்தாப் பிறகுதான் முதுகில குட்டியைக் கண்டனான்" என்று மட்டும் எனக்குச் சொன்னார். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

தெரிந்தும் ஏன் அந்தப் பொய்யை வீட்டில் வளரவிட்டாய் என்று கேட்கிறவர்கள், அந்த வருஷங்களில் கொழும்பில் தமிழராக இருந்திருக்கமாட்டார்கள். மகளைப் பம்பலப்பிட்டியில் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுத்தான் அவர் வேலைக்குப் போவார். அந்தக் கொஞ்சத் தூரத்துக்குள் இரண்டு சென்றி, இராணுவச் சோதனைச் சாவடி. பஸ்ஸால் இறக்கி, வரிசையில் நிறுத்தி, அடையாள அட்டையைக் கேட்பார்கள். தன் வயதில் பாதிகூட இல்லாத பையனுக்கு இவர் 'சேர், சேர்' என்பார். ஊர் எது, இங்கே ஏன் வந்தாய் என்று கேட்டால் குழைந்து குழைந்து பதில் சொல்வார். மகள் பக்கத்தில் நின்று பார்ப்பாள். அவளுக்குச் சிங்களம் எங்கள் இரண்டு பேரையும்விட நன்றாக ஓடும். தகப்பனை 'நீ' என்கிறார்களா, 'நீங்கள்' என்கிறார்களா என்பது வரைக்கும் விளங்கும். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே, "அப்பா, கரடிக் கதை சொல்லுங்கோ" என்பாள். அந்தக் கதையில் மட்டும்தான் அவளுடைய அப்பா நிமிர்ந்து நின்றார். அதையும் பறித்துவிட்டால் அவளுக்கு மிஞ்சுவது சென்றியில் நிற்கிற அப்பா. அதற்கு எனக்கு மனம் வரவில்லை. அவளுக்கு அவரைப் பிடிக்கிற அளவுக்கு எனக்கும் அவரைப் பிடிக்கும். அந்தக் கூத்தை நிறுத்த எனக்கு விருப்பமும் இல்லை.

இனி அந்தப் படம். செத்த கரடியின் மேல் ஒரு காலைத் தூக்கி வைத்து, துவக்கைப் பக்கத்தில் நிமிர்த்திப் பிடித்தபடி, காதுவரை சிரித்துக்கொண்டு நிற்கிறார். தரையெல்லாம் பொட்டுப் பொட்டாகப் பழம். அந்த நாட்களில் தமிழ் வீடொன்றில் துவக்கோடு நிற்கிற ஆளின் படம் இருப்பது எப்படிப்பட்ட விஷயம் என்று சொல்லத் தேவையில்லை. எங்கள் ஒழுங்கையில் எல்லார் வீட்டிலும் கத்தரிக்கோல் வேலை செய்தது. ஒருத்தி, தம்பி பள்ளிக்கூடக் கடேற் அணியில் துவக்கோடு நின்ற படத்தைக் கிழித்தாள். இன்னொருத்தி பிறந்தநாளில் மகன் விளையாட்டுத் துவக்குப் பிடித்திருந்த படத்தை அடுப்பில் போட்டாள். நான் இதை எரிப்போம் என்றேன். இவர் விடவில்லை. கடைசியில் ஒரு சமரசத்துக்கு வந்தோம்: படம் இருக்கட்டும், துவக்கு வேண்டாம்.

தையல் கத்தரிக்கோலை எடுத்து, ஒரு ஞாயிறு மத்தியானம் முழுக்க இருந்து, குழல், வார், அடிப்பிடி என்று ஓரம் பிசகாமல் வெட்டி எடுத்தேன். வேலை அவ்வளவு சுத்தம். இவர் படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இஞ்சேரும், முந்தி இந்தப் படத்தில ஒரு துவக்கும் இருந்தது. இப்ப துவக்கைத் தவிர வேற ஒண்டும் தெரியேல்லையே" என்றார்.

உண்மைதான். தோளிலிருந்து கணுக்கால்வரை துவக்கின் வடிவத்தில் ஓட்டை. அதற்கு மேல் ஒன்றும் செய்யத் தெரியாமல், கோபத்தோடு அதைப் பிஸ்கட் ரின்னில் பிறப்பத்தாட்சிப் பத்திரங்களுக்கு அடியில் வைத்தேன். கிழித்து எறிந்திருக்க வேண்டும். புத்தி வரவில்லை.

ஒரு சனிக்கிழமை முற்பகல் ஒழுங்கையை இரண்டு பக்கமும் மறித்து, வீடு வீடாகச் சோதித்தார்கள். எங்கேயாவது குண்டு வெடித்தால் அடுத்த ஓரிரு நாளில் அது நடக்கும், பழகிப்போன விஷயம். பொலிஸ் பதிவுத் துண்டையும் அடையாள அட்டைகளையும் மேசையில் எடுத்து வைத்திருந்தேன். இரண்டு இளம் கான்ஸ்டபிள்களும், ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு சார்ஜன்டும் வந்தார்கள். இடத்தை விட்டு ஒருவரும் அசையக்கூடாது என்றார்கள். நாங்கள் மூன்று பேரும் சுவரோரம் நின்றோம்.

இளையவர்களில் ஒருவர் பிஸ்கட் ரின்னைக் கவிழ்த்தார். படம் வெளியே வந்தது. ஓட்டைக்குள்ளால் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு, துவக்கு எங்கே என்று கேட்டார். என் சிங்களம் மரக்கறிக்கடைச் சிங்களம். அதற்கே இது விளங்கியது. துவக்குகளை ஒப்படைக்கச் சொன்னபோதே பொலிசில் கொடுத்துவிட்டேன் என்று சொல்லி இவர் பற்றுச்சீட்டைத் தேடி எடுத்துக் கொடுத்தார். அதில் மை எல்லாம் மங்கிப்போய் முத்திரையின் வட்டம் மட்டும் மிஞ்சியிருந்தது. யார் வெட்டியது என்று அந்தக் கான்ஸ்டபிள் குரலை உயர்த்தினார். "மம, மம" என்று நான் நெஞ்சைத் தட்டிக் காட்டினேன். நான்தான், நான்தான் என்று.

சார்ஜன்ட் படத்தை வாங்கிக்கொண்டு ஜன்னலடிக்குப் போனார். நெடுநேரம் பார்த்தார். பிறகு எங்கள் கதிரையில் உட்கார்ந்து, இந்தக் கரடியை எப்படிச் சுட்டாய் என்று இவரிடம் கேட்டார். இதிலிருந்து நான் எழுதுவதில் பாதி அப்போது விளங்கியது, பாதி பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டது.

இவர் வழக்கமான கதையைத் தொடங்கினார். பற்றைக்குள் இருந்து பாய்ந்தது, இரண்டு காலில் நின்றது. அன்றைக்கு மட்டும் முழங்காலில் குந்தவில்லை. சார்ஜன்ட் கடைசிவரை குறுக்கிடாமல் கேட்டுவிட்டு, படத்தில் தரையில் கிடந்த பொட்டுகளில் விரலை வைத்தார்.

"மே பலு நேத?"

இது பாலைப்பழம்தானே என்று அர்த்தம். இவர் ஓம் என்று தலையாட்டினார். சார்ஜன்ட் சொன்னார்: நானும் காட்டோரத்துக் கிராமத்தான். என் சொந்த அண்ணனுக்குக் கரடியால் ஒரு கண் இல்லை. கரடி பாய்ந்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். பலு பழுக்கிற காலத்தில் நாங்கள் கூ என்று கத்திக்கொண்டுதான் மரத்தடிக்குப் போவோம், அது இறங்கிப் போய்விடும். இது மரத்தில் வைத்துச் சுட்ட கரடி. கரடி விஷயத்திலேயே பொய் சொல்கிற நீ, துவக்கு விஷயத்தில் உண்மை சொல்கிறாய் என்று நான் எப்படி நம்புவது?

பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். "பெட்டவ் ஹிட்டியா நேத?"

குட்டிகள் இருந்தன, இல்லையா?

இவர் மகளைப் பார்த்தார். மகள் இவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். இல்லை என்று சொல்லப்போகிறார், அதைக் கேட்கத்தான் காத்திருக்கிறேன் என்கிற முகம். அவளை உள்ளே அனுப்பிவிட என் கை துடித்தது. அசையக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்களே. அவள் காதைப் பொத்தவும் முடியவில்லை.

அவர் சொன்னார். சென்றியில் நிற்பதுபோலவே கைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மெதுவாக, எனக்குச் சொன்னதையெல்லாம் சொன்னார். மரம், சங்கிலி பிடிக்கிறவரின் வாயைப் பொத்தியது, கமெராவில் மிச்சமிருந்த இரண்டு படம், முதுகில் இருந்த குட்டி. சார்ஜன்ட் ஒன்றும் எழுதவில்லை. எழுந்து, படத்தை ரின்னுக்குள் போட்டுவிட்டு, இளையவரிடம் ஏதோ சொல்லிக்கொண்டே வெளியே போனார். மற்றவர்களும் போய்விட்டார்கள்.

"என்னவாம்? என்ன சொல்லிப்போட்டுப் போறார்?" என்று மகளைப் பிடித்து உலுக்கினேன்.

"அப்பா சொன்னது உண்மையாம். பொய் சொல்லுற ஆள் தன்னைப் பற்றி இவ்வளவு கேவலமாச் சொல்ல மாட்டானாம்" என்றாள். சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடக் கொப்பியை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள்.

அதன் பிறகு மூன்று நாள் அவள் கரடிக் கதை கேட்கவில்லை. கோபம் காட்டவுமில்லை. கேட்டதற்கு, "ஓம் அப்பா," "இல்லை அப்பா," அவ்வளவுதான். அழுது கத்தியிருந்தால் இரண்டு அடி போட்டு அணைத்திருப்பேன். இந்த மரியாதை எங்கள் இருவரையும் கொன்றது. எனக்குச் சார்ஜன்ட் மேல் ஆத்திரம், இவர் மேல் ஆத்திரம், அவ்வளவு அழகாக வெட்டிய என் கை மேலும் ஆத்திரம். குசினிக்குள் வைத்து இவரைப் பிடித்துக்கொண்டேன்.

"லைசென்ஸ் இருந்ததுதானே" என்றார் அவர். "கரடி ஆக்களைக் கடிக்கிறேல்லையோ?"

"அண்டைக்கு அது ஆரைக் கடிக்க வந்தது?"

"மானுக்கும் குட்டி இருந்திருக்கும். அதை நீரும்தான் சாப்பிட்டனீர்."

"ஓம், சாப்பிட்டனான். அது பசிக்கு. இது, கூப்பிட்டுச் சொல்லிப்போட்டுப் போக வேண்டிய இடத்துக்கு வாயைப் பொத்திப்போட்டுப் போய்ச் சுட்டது. ரெண்டும் ஒண்டோ?"

அவர் தேங்காய் துருவினார். நான் சொன்னது முழுக்கச் சரியா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. பசிக்குச் சுட்டாலும் படத்துக்குச் சுட்டாலும் சாகிற மிருகத்துக்கு ஒன்றுதான். ஆனாலும் அந்தச் சனங்கள், தங்கள் முகத்தைக் கிழிக்கிற ஒரு மிருகத்துக்கு வருஷத்தில் ஒரு பருவத்தை விட்டுக் கொடுத்திருந்தார்கள். அது மேலே நிம்மதியாகத் தின்னட்டும் என்று. இந்த மனிதர் அதற்குள் புகுந்து சுட்டார். அதை அவர் தெரிந்தே செய்தார் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. எனக்குப் பொறுக்காத அந்த மனிதருக்கே இரவுச் சாப்பாட்டில் பெரிய மீன் துண்டை எடுத்து வைத்தேன். என்ன செய்வது, நான் கட்டியது அவரைத்தான்.

நாலாம் நாள் போயா, பௌர்ணமி லீவு. பின்னேரம் இரண்டு பேரையும் கடற்கரைக்கு இழுத்துக்கொண்டு போனேன். தண்டவாளத்தைக் கடந்து பாறையில் உட்கார்ந்தோம். நான் நடுவில். கடலை வாங்கிக் கொடுத்தேன். இருவரும் கடலைப் பார்த்துக்கொண்டு கடலை தின்றார்கள். ஒரு ரெயில் போனது. அதன் சத்தம் அடங்கியதும் மகள் எனக்கு மேலால் எட்டி அவரைக் கேட்டாள்.

"எத்தினை குட்டி?"

"ரெண்டு."

"ரெண்டும் என்ன ஆனது?"

"ஒண்டு தாய்க்கு அடியில நசிஞ்சு போச்சுது. மற்றது திரும்ப மரத்தில ஏறி உச்சிக்குப் போட்டுது. என்ன செய்தும் இறங்கேல்ல. சங்கிலி பிடிக்கிறவர் மரத்துக்குக் கீழ பழமும் தண்ணியும் வைச்சவர். அடுத்த நாளும் அது மேலதான் இருந்தது. மூண்டாம் நாள் போய்ப் பாக்க இல்லை."

எனக்கும் இது புதிது. இத்தனை வருஷத்தில் எனக்குக்கூடச் சொல்லவில்லை. மகள் கடலைக் கோதை ஒவ்வொன்றாகப் பாறை இடுக்கில் போட்டாள்.

"நீங்கள் அழுதனீங்களோ?"

ஓம் என்று சொல்லுங்கோ, ஓம் என்று சொல்லுங்கோ என்று நான் மனதுக்குள் மன்றாடினேன். பிள்ளையே வழி திறந்துவிட்டிருக்கிறாள். ஒரு சொல் போதும். அவள் பழையபடி அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவாள்.

"இல்லைப் பிள்ளை" என்றார் அவர். "அண்டைக்கு நான் சந்தோஷமா இருந்தனான். படத்தில சிரிக்கிறது சும்மா சிரிப்பில்லை. உண்மையாவே சந்தோஷம்."

அந்தக் கணத்தில் அவரைக் கடலில் தள்ளலாம் போல இருந்தது. கட்டிப்பிடிக்கலாம் போலவும் இருந்தது. மகள் விடவில்லை.

"அப்ப எப்ப அழுதனீங்கள்?"

அழுதிருப்பார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. எப்போது என்றுதான் தெரிய வேண்டும். அவர் கையில் மிச்சமிருந்த கடலையை என் மடியில் போட்டார்.

"உனக்கு ஒண்டரை வயசு. நான் நிலத்தில படுத்துப் பேப்பர் பாத்துக்கொண்டிருந்தனான். நீ வந்து என்ர முதுகில ஏறிக் கழுத்தைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு படுத்தனீ. அண்டைக்குத்தான்."

அந்த நாள் எனக்கு ஞாபகம் இருக்கிறது. பிள்ளையை இறக்கிவிட்டு விறுவிறு என்று வெளியே போனவர். அதற்குப் பிறகு ஒருநாளும் அவளை முதுகில் தூக்கியதில்லை. மற்றத் தகப்பன்மார் உப்பு மூட்டை தூக்கிக்கொண்டு திரிவார்கள். இவர் முதுகு நோகுது, முதுகு நோகுது என்பார். நானும் நம்பி எட்டு வருஷமாக அந்த முதுகுக்கு நோவெண்ணெய் தேய்த்திருக்கிறேன்.

மகள் எழுந்து என்னைத் தாண்டிப் போய் அவருக்குப் பின்னால் நின்றாள். இரண்டு கையையும் அவர் தோளில் வைத்தாள். ஏறவில்லை. சும்மா வைத்துக்கொண்டு நின்றாள்.

"இப்ப நான் பாரம் அப்பா" என்றாள். "இனி உங்களால ஏலாது."

"ஓம்" என்றார் அவர்.